12 பேருக்கு பிரெட்டில்யவுசே: என்ன வைக்கலாம், எப்படி வெட்டலாம்?

முர்க்கரை (கிராட்ஸ்) | புதன், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டில் விருந்து. எங்கள் இருவரையும் சேர்த்து 12 பேர். மாடி வீட்டுப் பாட்டியம்மா உட்பட ஏழு பேர் ஸ்டைரியாக்காரர்கள் (ஆஸ்திரியாவின் இந்த மாநிலத்துக்காரர்கள்). மீதி ஐந்து பேர் நம்மவர்கள். அதில் இருவர் சைவம், ஒருவர் பன்றி இறைச்சி தொடமாட்டார், மாட்டிறைச்சி சாப்பிடுவார்.

ஆறு வருடமாக இவர்களுக்கு இட்லி, வடை, பிரியாணி என்று போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை அவர்கள் ஊர்ச் சாப்பாட்டை என் கையால் வைக்க வேண்டும் என்று ஆசை. அதனால் பிரெட்டில்யவுசே. தெரியாதவர்களுக்கு: மரப்பலகையில் புகையூட்டிய இறைச்சி, சுட்டு ஆறவைத்த பன்றி, சீஸ், ரொட்டியில் தடவும் கலவைகள், வினிகரில் ஊறிய வெள்ளரிப் பிஞ்சு, துருவிய குதிரைமுள்ளங்கி எல்லாம் வைத்து, ரை மாவு ரொட்டியோடு சாப்பிடுவது. சூடாக ஒன்றுகூட இருக்காது.

போன மாதம் நான்கு பேருக்குச் சின்னதாகச் செய்து பார்த்தேன். சரியாக வரவில்லை. வெட்டியே பாக்கெட்டில் வரும் ஹாமை வாங்கி, மதியமே பலகையில் அடுக்கி வைத்துவிட்டேன். மாலையில் பார்த்தால் ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டு, நடுவில் நீர் விட்டிருந்தது. பாட்டிலில் வாங்கிய குதிரைமுள்ளங்கியில் புளிப்புதான் இருந்தது, காரம் இல்லை. ரொட்டியும் விறைத்துப் போயிற்று. வந்தவர்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பாதிப் பலகை அப்படியே மிச்சம்.

எவ்வளவு வாங்க வேண்டும்? எதை முந்தின நாளே செய்யலாம், எதைக் கடைசி நேரத்தில் செய்ய வேண்டும்? சைவக்காரர்களுக்கு வெறும் சீஸும் தக்காளியும் வைத்து அனுப்ப எனக்கு மனசில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைச்சரிவு (லைப்னிட்ஸ்) | புதன், இரவு 11.05

நல்ல ஆசை, முர்க்கரை. நான் காம்லிட்ஸ் பக்கம் ஒரு புஷன்ஷாங்கின் சமையலறையில் மூன்று இலையுதிர்காலம் வேலை செய்தவள். காலையிலிருந்து இரவு வரை வெட்டுவதும் அடுக்குவதும்தான் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

புஷன்ஷாங்க் என்பது திராட்சைத் தோட்டக்காரர் தன் வீட்டிலேயே நடத்தும் கடை. 1784இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் போட்ட ஆணையிலிருந்து வருகிற உரிமை அது: தான் விளைவித்த உணவையும் ஒயினையும் பழ மதுவையும் எவரும் விற்கலாம் என்றார். வாசலில் ஒரு கொத்துக் கிளை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கொத்துதான் 'புஷன்'. ஸ்டைரியாவில் இன்றைக்கும் அங்கே சூடாகச் சமைத்துப் பரிமாற முடியாது. பீரும் கிடையாது. அதனால் இந்தக் குளிர்ந்த பலகையிலேயே அவர்கள் கைத்திறம் எல்லாம் இறங்கியது. ஒரு பன்றி. அதன் தொடை உப்பில் ஊறிப் புகைக்குப் போகும், வயிற்றுப் பகுதி ஷ்பெக் (உப்பிட்டுப் புகையூட்டிய கொழுப்புள்ள இறைச்சி) ஆகும், தோள் அடுப்பில் வேகும், கொழுப்பு பூண்டோடு அரைபட்டுத் தடவும் கலவையாகும். ஒரே வீட்டில் செய்தவை எல்லாம் ஒரே பலகைக்கு வருகின்றன. கடைக்குப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாட்டு ஹாம் பத்து வகை வேண்டாம். நான்கு வகை இறைச்சி போதும், நான்கும் நன்றாக இருக்க வேண்டும்.

பாக்கெட் ஹாம் நீர் விட்டதில் உங்கள் கைத்தவறு எதுவும் இல்லை. அவசரமாகத் தயாரிக்கிற ஹாமில் உப்புநீரை ஊசியால் ஏற்றுவார்கள். உலர்ந்து புகை ஏறிய ஷ்பெக்கில் வெளியேற அவ்வளவு நீர் இருக்காது. கைசர்-யோசஃப் சந்தையிலோ லெண்ட்பிளாட்ஸ் சந்தையிலோ காலையில் போய், விவசாயியிடம் முழுத் துண்டாக வாங்குங்கள். வெட்டித் தரட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அளவு: பன்றி சாப்பிடுபவர்கள் ஒன்பது பேர். இதுவே இரவுச் சாப்பாடு என்பதால் ஆளுக்கு 150 கிராம் இறைச்சி வைத்துக்கொள்ளுங்கள். ஷ்பெக் 300 கிராம், கெசெல்க்டஸ் எனப்படும் புகையூட்டி வேகவைத்த இறைச்சி 400, சுட்டு ஆறிய பன்றித்தோள் 600, அதோடு ஐந்தாறு உலர்ந்த சின்னத் தொத்திறைச்சி. சீஸ் அரை கிலோ. தடவும் கலவை மூன்று, ஒவ்வொன்றும் கால் கிலோ. ஒரு கிலோ ரொட்டி இரண்டு. முட்டை எட்டு.

பன்றித்தோளை வெள்ளிக்கிழமையே செய்யுங்கள். உப்பு, நசுக்கிய பூண்டு, கேரவே விதை தடவி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அவனில் மெதுவாக வேக வைத்து, முழுதாக ஆறவிட்டு ஃப்ரிஜில் வையுங்கள். குளிர்ந்தால்தான் மெல்லியதாக வெட்ட வரும். சூட்டோடு வெட்டினால் பிய்ந்துவிடும். தட்டில் வழிந்த கொழுப்பைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் காலையில் மேலே வெள்ளைக் கொழுப்பும் கீழே பழுப்பு நிறத்தில் ஜெல்லியும் தனித்தனியாக உறைந்திருக்கும். அந்த ஜெல்லியில்தான் அத்தனை ருசியும். கரண்டியை அடி வரைக்கும் விட்டு இரண்டையும் சேர்த்து அள்ளி, ரொட்டியில் தடவி, மேலே உப்பும் பச்சை வெங்காய வளையமும் வையுங்கள். எங்கள் கடையில் விஷயம் தெரிந்த கிழவர்கள் பலகையில் முதலில் தேடுவது அதைத்தான்.

வெட்டுவது: ஷ்பெக்கின் தோலை முதலில் சீவி எடுத்துத் தனியாக வையுங்கள் (பயறுச் சூப்புக்கு ஆகும்). இறைச்சியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காக வெட்ட வேண்டும். தீட்டின நீளக் கத்தி, ஒரே இழுப்பு. ரம்பம் போல அறுக்கக் கூடாது. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கொழுப்புப் பகுதி கண்ணாடி மாதிரித் தெரிய வேண்டும், அந்த மெல்லிசு. விருந்தாளிகள் வருவதற்கு அரை மணி முன்னால் வெட்டினால் போதும். ஷ்பெக் ஃப்ரிஜ் குளிரில் மெழுகு போல இருக்கும். அறையின் சூட்டுக்கு வந்ததும் நாக்கில் கரையும்.

ஹொய்ரிகர்_மாலை (வியன்னா) | வியாழன், காலை 7.20

நான் கலவைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சைவக்காரர்களைக் காப்பாற்றப் போவது அவைதான்.

லிப்டவர் கண்டிப்பாக வையுங்கள். இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள லிப்டவ் பகுதியின் பெயர் அது. அங்கே செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பிரிம்ஸன் என்ற மென்சீஸில் செய்தார்கள். வியன்னாவில் பெரும்பாலும் டோப்ஃபனில் செய்கிறோம். டோப்ஃபன் நம் ஊரில் கட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் கிடைப்பது போல இருக்கும், கொஞ்சம் உதிரியாக. 250 கிராம் டோப்ஃபனுக்கு 100 கிராம் வெண்ணெய். வெண்ணெயை முதலில் நன்றாக நுரைக்க அடித்து, அப்புறம் டோப்ஃபனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் வெண்ணெய் கட்டி கட்டியாக நின்றுவிடும். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒன்று, ஒரு கரண்டி கேப்பர் (ஊறவைத்த பூமொட்டு), ஒரு தேக்கரண்டி கடுகு பேஸ்ட், ஒரு மேசைக்கரண்டி இனிப்பு பாப்ரிகாப் பொடி, பொடித்த கேரவே, உப்பு. நெத்திலி பேஸ்ட் சேர்ப்பவர்களும் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம். முந்தின இரவே செய்து மூடி வைத்தால் பாப்ரிகா ஊறி நிறம் இரண்டு மடங்கு ஏறும்.

கேரவேக்குப் பதில் சீரகம் போட்டுவிடாதீர்கள். ஜெர்மனில் ஒன்று க்யூமல், இன்னொன்று க்ராய்ட்ஸ்க்யூமல். பார்வைக்கும் ஒரே ஜாடை. நான் வந்த புதிதில் சீரகத்தைப் போட்டு, கிண்ணம் முழுக்க ரசப்பொடி வாசம் வந்துவிட்டது.

இரண்டாவது கலவை உங்கள் ஊருக்கே உரியது: டோப்ஃபன், உப்பு, ஒரு பல் பூண்டு, வறுத்துப் பொடித்த பூசணி விதை, மேலே இரண்டு கரண்டி பூசணி விதை எண்ணெய். மூன்றாவது முட்டைக் கலவை: வேகவைத்த முட்டையைப் பொடித்து, புளித்த கிரீம், கடுகு பேஸ்ட், நிறைய ஷ்னிட்லவ் (மெல்லிய வெங்காயத்தாள் வகை). ஷ்னிட்லவைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், முன்னாலேயே போட்டால் வெங்காய நாற்றம் அடிக்கும்.

லிம்மாட்_அண்ணா (சூரிச்) | வியாழன், மதியம் 12.48

தங்கச்சி, நான் இங்கே பதினைந்து வருசமாக விருந்துகளுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கிறேன். பலகை கனக்கச் செய்திருக்கிறேன். என்னுடைய ஆலோசனை: இறைச்சியை மட்டும் அடுக்கினால் மண் நிறமாகக் கிடக்கும். கறுப்புத் திராட்சை, அத்திப்பழம், ஒலிவ், ஒரு வட்டப் பிரீ சீஸ், சலாமியை ரோசாப்பூ மாதிரிச் சுருட்டி வையுங்கோ. வடிவாக இருக்கும். ஆக்கள் முதலில் கண்ணால்தான் சாப்பிடுகினம். பாணையும் முக்கோணமாக வெட்டிச் சுற்றி அடுக்கலாம்.

மலைச்சரிவு (லைப்னிட்ஸ்) | வியாழன், மாலை 5.30

அண்ணா, உங்கள் அனுபவத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் சொல்வது வேறு பலகை. அது எந்த ஊர் மேசையிலும் இருக்கலாம். ஒலிவும் பிரீயும் வந்துவிட்டால், ஏழு ஸ்டைரியாக்காரர்களுக்கு அது ஹோட்டல் வரவேற்பில் வைக்கிற தட்டாகிவிடும். முர்க்கரை அவர்களுக்குக் கொடுக்க நினைப்பது அவர்கள் பாட்டி வீட்டில் சாப்பிட்டதை.

நிறம் வேண்டும் என்பது சரிதான். அது பலகையிலேயே இருக்கிறது. முள்ளங்கியின் சிவப்பு, முட்டையின் மஞ்சள், மஞ்சள் பெஃபரோனி மிளகாய், லிப்டவரின் காவி, பூசணி எண்ணெயின் கரும்பச்சை, நடுவில் துருவிய குதிரைமுள்ளங்கி வெள்ளைக் குவியலாக. இது செப்டம்பர், தோட்டத்தில் திராட்சை பழுக்கிற மாதம்; ஒரு கொத்து வைத்தால் தவறில்லை. புது வால்நட்டும் வைக்கலாம். அத்திப்பழம் வேண்டாம்.

ரொட்டியை முக்கோணமாக வெட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ரொட்டி பலகையில் ஏறவே வேண்டாம். கூடையில், துணி மூடி, தடித்த துண்டுகளாக. அதுவும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வெட்டாமல், பாதி ரொட்டியை முழுதாக வைத்துத் தேவைப்படும்போது வெட்டுங்கள். போன முறை ரொட்டி விறைத்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

லிம்மாட்_அண்ணா (சூரிச்) | வியாழன், மாலை 6.15

சரி, ஒலிவையும் பிரீயையும் விட்டுவிடுவம். பாட்டி வீட்டுச் சாப்பாடு எண்டு நீங்கள் சொன்னது எனக்கு விளங்குது. ஆனால் ஒரு விசயத்தில் நான் சொல்வதைக் கேளுங்கோ. 12 பேருக்கு ஒரே பெரிய பலகை வைக்காதையுங்கோ. மேசையின்ர அந்தத் தலைப்பில் இருப்பவருக்கு எட்டாது, மற்றவர் தட்டுக்கு மேலால் கை நீட்ட வேணும். நாலு பேருக்கு ஒண்டாக மூன்று பலகை வையுங்கோ, மூன்றிலும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். சைவத்துக்கு நாலாவதாகத் தனிப் பலகை, தனிக் கத்தி, தனிக் கரண்டி. இறைச்சி வெட்டின கத்தி லிப்டவருக்குள் போனால் சைவமான ஆக்களால் வாயைத் திறந்து சொல்லவும் ஏலாது, சாப்பிடவும் ஏலாது. நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மலைச்சரிவு (லைப்னிட்ஸ்) | வியாழன், மாலை 6.22

மூன்று பலகை, தனிக் கத்தி: இதை நான் யோசிக்கவே இல்லை. முர்க்கரை, அண்ணா சொன்னபடியே செய்யுங்கள்.

வடக்குமுகடு (இன்ஸ்ப்ரூக்) | வியாழன், இரவு 8.50

டிரோலில் இதற்கு மாரெண்டே என்று பெயர். இங்கே ஷ்பெக்கைக் கண்ணாடி மாதிரி வெட்டினால் வயசானவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு தடித் துண்டைப் பலகையில் வைத்து, அவரவர் கத்தியால் தீக்குச்சி அளவுக்குக் கீறிக் கீறிச் சாப்பிடுவதுதான் வழக்கம். உப்பும் புகையும் அந்தச் சின்னக் கட்டையில் மெல்ல மெல்ல இறங்கும். அதனால் ஒரு துண்டை வெட்டாமல் வையுங்கள், விரும்பியவர்கள் எடுக்கட்டும்.

நான் எழுத வந்தது சீஸ் பற்றி. உங்கள் சைவ விருந்தாளிகள் எந்த அளவுக்குக் கண்டிப்பானவர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெர்க்கேசே போன்ற மலைச்சீஸ்களில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்ப்பார்கள். டோப்ஃபனிலும் சிறிதளவு சேர்ப்பது உண்டு, எந்த வகை என்று விசாரித்து வாங்குங்கள். எங்கள் டிரோலின் கிரவ்கேசேயில் அது கிடையாது. வெண்ணெய் எடுத்த பாலைத் தானாகப் புளிக்க விட்டுத் திரிய வைக்கிறார்கள். கொழுப்பு மிகக் குறைவு, வாசம் தூக்கலாக இருக்கும். வட்டமாக வெங்காயம் நறுக்கி மேலே போட்டு, வினிகரும் எண்ணெயும் விட்டுச் சாப்பிட வேண்டும். உங்கள் மாநிலத்திலேயே என்ஸ்டால் பள்ளத்தாக்கில் ஸ்டைரர்காஸ் என்று அதே முறையில் செய்கிறார்கள். சந்தையில் கேளுங்கள்.

முர்க்கரை (கிராட்ஸ்) | வியாழன், இரவு 10.10

இத்தனை பேர் இத்தனை அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள், மனம் நிறைந்துவிட்டது. சைவ நண்பர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். முட்டை சாப்பிடுவார்கள், ஒருவர் ரென்னெட் வேண்டாம் என்றார். சந்தைக்கு நாளைக் காலை போகிறேன்.

இன்னும் மூன்று சந்தேகம். குதிரைமுள்ளங்கியை எப்போது துருவுவது? கேஃபர்போனே சாலட் சைவப் பலகைக்கு வைக்கலாமா? பன்றி சாப்பிடாத நண்பருக்கு என்ன?

மலைச்சரிவு (லைப்னிட்ஸ்) | வியாழன், இரவு 11.30

க்ரேன்! (இங்கே குதிரைமுள்ளங்கிக்கு அதுதான் பெயர், ஸ்லாவிய மொழியிலிருந்து வந்த சொல். யவுசே என்ற சொல்லும் ஸ்லோவேனியரின் 'யுஷினா'விலிருந்து வந்ததுதான், நண்பகல் சாப்பாடு என்று பொருள். எல்லைக்கு அந்தப் பக்கம்தானே அவர்கள்.) முழு வேராக வாங்குங்கள். 200 கிராம் போதும். உடைத்தால் மளுக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் பழசு.

கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுமே, அதே சங்கதிதான் இதிலும். முழு வேரை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. துருவும்போது செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த சினிக்ரின் என்ற பொருளும் ஒரு நொதியும் கலந்து, கடுகு எண்ணெயின் காரம் அப்போதுதான் பிறக்கிறது. பிறந்த வேகத்தில் காற்றில் பறந்தும் போகிறது. அதனால் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, மேசையிலேயே துருவுங்கள். தோலை முழுவதும் சீவாமல், துருவப்போகும் நீளத்துக்கு மட்டும் சீவி, மீதியைப் பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணில் நீர் கொட்டும். முன்னாலேயே துருவித்தான் ஆக வேண்டும் என்றால், துருவி மூன்று நிமிடம் விட்டு அதன் பிறகு வினிகர் சேருங்கள். வினிகர் அந்த வேலையை நிறுத்திக் காரத்தைப் பிடித்து வைக்கும். உடனே சேர்த்தால் காரம் பிறக்கவே விடாது.

ஒரு சிட்டிகை வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கொழுத்த ஷ்பெக்கின் மேல் ஒரு பிடி க்ரேனைக் குவித்து வாயில் போட்டால், கொழுப்பு காரத்தை அடக்கும், காரம் கொழுப்பின் திகட்டலை அறுக்கும். க்ரேன் இல்லாமல் நான்காவது துண்டு உள்ளே போகாது.

கேஃபர்போனே அருமையான யோசனை. வெள்ளி இரவு ஊறப் போடுங்கள், 12 மணி நேரம். ஊதாவும் கறுப்பும் புள்ளி போட்ட பெரிய அவரை விதை அது, ஊறினால் கட்டைவிரல் நுனி அளவு வரும். ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வேக வையுங்கள். அரைவேக்காட்டில் எடுத்தால் வயிற்றைப் புரட்டும், நசுக்கினால் மாவாக வேண்டும். சூடு ஆறுவதற்குள் உப்பும் ஆப்பிள் வினிகரும் கலந்து விடுங்கள், உள்ளே இறங்கும். வெங்காயம் சேர்த்து, பூசணி விதை எண்ணெயைக் கடைசியாக, முழுதாக ஆறினபின் ஊற்றுங்கள். அந்த எண்ணெயைச் சுட வைக்கக்கூடாது, கசந்துவிடும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை, மூன்று கிலோ விதை வறுத்துப் பிழிகிறார்கள். அந்த வாசத்தை அடுப்பில் கெடுக்க வேண்டாம். பாட்டிலில் ஸ்டைரியாவின் புவிசார் முத்திரை இருக்கிறதா பாருங்கள், 1996லிருந்து உண்டு.

பன்றி சாப்பிடாதவருக்கு வினிகரில் புளிப்பேற்றிய மாட்டிறைச்சி: வேகவைத்து ஆறின மாட்டிறைச்சியை மெல்லியதாக வெட்டி, வெங்காயம், வினிகர், அதே எண்ணெய். கூடவே புகையூட்டிய ட்ரௌட் மீன் ஒன்று, க்ரேன் கலந்த விப் கிரீமோடு. இரண்டும் இங்கே புஷன்ஷாங்கிலும் ஹொய்ரிகரிலும் (வியன்னாப் பக்கத்து ஒயின் கடை) பார்க்கிறவைதான், அவருக்காகத் தனியாகச் செய்தது போலத் தெரியாது. காட்டு மான் தொத்திறைச்சியை மட்டும் நம்பி வைக்காதீர்கள், அதில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும்.

டான்யூப்_ஓரம் (லின்ஸ்) | வெள்ளி, காலை 8.05

குடிப்பதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே? எங்கள் மேல் ஆஸ்திரியாவில் மோஸ்ட் இல்லாமல் யவுசே கிடையாது. ஆப்பிள் அல்லது பேரிக்காய்ச் சாற்றைப் புளிக்க வைத்தது. மது உண்டு, பழச்சாறு என்று நினைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட வேண்டாம். உங்கள் பக்கம் என்றால் வெல்ஷ்ரீஸ்லிங் வெள்ளை ஒயின், இல்லையென்றால் மேற்கு ஸ்டைரியாவின் ஷில்கர் என்ற ரோஸ் ஒயின். வெங்காயத் தோல் நிறத்தில், பல் கூசும் புளிப்போடு இருக்கும், கொழுப்புக்கு நல்ல ஜோடி. இப்போது ஸ்டுர்மும் வந்திருக்கும். பாதி புளித்த திராட்சைச் சாறு. புளிப்பது நிற்காததால் பாட்டிலை இறுக மூடுவதில்லை. காரில் படுக்க வைத்துக் கொண்டுவராதீர்கள், நிமிர்த்திப் பிடித்து வாருங்கள். குழந்தைகளுக்குத் திராட்சைச் சாறும் சோடாவும்.

முர்க்கரை (கிராட்ஸ்) | ஞாயிறு, காலை 11.15

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பலகை, ஒரு சைவப் பலகை. ஐந்தரைக்கு வெட்ட ஆரம்பித்தேன், ஆறு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். பன்றித்தோளில் முதல் நான்கு துண்டு தடியாக விழுந்தது. கத்தியைத் தீட்டினதும் சரியாயிற்று. கீழே உறைந்த பழுப்பு ஜெல்லியைப் பார்த்ததும் என் கணவரின் நண்பர் கரண்டியை வாங்கிக்கொண்டு, தானே எல்லோருக்கும் ரொட்டியில் தடவிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். சின்ன வயதில் பன்றி அடிக்கும் நாளில் அவர் அம்மா இதே மாதிரிக் கிண்ணத்தை ஜன்னல் ஓரம் வைப்பாராம்.

மாடி வீட்டுப் பாட்டியம்மாவுக்கு 84 வயது. உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து மடக்குக் கத்தி ஒன்றை எடுத்தார். மரப்பிடி தேய்ந்து, கத்தி பாதி அகலம்தான் மிச்சம் இருந்தது. தட்டு வைத்தேன், தள்ளி வைத்துவிட்டார். ஒரு ரொட்டித் துண்டை இடது உள்ளங்கையில் வைத்து, அதன் மேலேயே ஷ்பெக்கை நறுக்கி, கத்தி நுனியாலேயே எடுத்துச் சாப்பிட்டார். வடக்குமுகடு சொன்ன வெட்டாத துண்டு முழுக்க அவருக்கே போனது. டிரோலில் மட்டும் இல்லை, இங்கேயும் அப்படித்தானாம்.

நான் க்ரேன் துருவ ஆரம்பித்து, பாதியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பாட்டியம்மா என் கையிலிருந்து வாங்கி, துருவியை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரிய குவியல் துருவிப் போட்டார். 200 கிராம் வேர் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்தது. மலைச்சரிவு, அடுத்த முறை 300 வாங்குவேன்.

சைவப் பலகைதான் முதலில் காலி. கேஃபர்போனே சாலட்டை எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். நல்லவேளை, அடுப்படியில் இன்னொரு கிண்ணம் இருந்தது. ஸ்டைரர்காஸைச் சந்தையில் ஓர் அம்மா ருசி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் சைவ நண்பருக்கு வாசம் முதலில் பிடிக்கவில்லை, வெங்காயமும் வினிகரும் சேர்ந்ததும் இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். ட்ரௌட் மீன் போதவில்லை, எல்லோரும் எடுத்தார்கள். ரொட்டி ஒன்றரை போனது. பலகைகளில் மிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை. மூன்று பெஃபரோனியும் ஒரு முட்டைப் பாதியும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது பாட்டியம்மா ஒன்றும் புகழவில்லை. அடுத்த வருடம் யாக்கோபி நாளுக்குத் தன் தம்பி தோட்டத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். ஜூலை 25, பறவைகளை விரட்டும் கிளாபோடெட்ஸ் காற்றாடியை ஏற்றும் நாள். மலையெல்லாம் அது கடகடவென்று அடிக்கும், கேட்க வேண்டும் என்றார்.

ஹொய்ரிகர்_மாலை (வியன்னா) | ஞாயிறு, மதியம் 1.02

படிக்கப் படிக்கப் பசிக்கிறது. லிப்டவர் நிறம் ஏறியதா?

முர்க்கரை (கிராட்ஸ்) | ஞாயிறு, மதியம் 1.30

ஏறியது, செங்கல் நிறம். வெண்ணெயை முதலில் அடித்ததால் ஒரு கட்டிகூட இல்லை.

இரண்டு கேள்வி மிச்சம். சீவி வைத்த ஷ்பெக் தோலை எப்படிப் பயன்படுத்துவது? அப்புறம், வெள்ளை மேசைவிரிப்பில் பூசணி எண்ணெய் கொட்டிக் கையகலம் பச்சைக் கறை. சோப்புப் போட்டும் போகவில்லை.

மலைச்சரிவு (லைப்னிட்ஸ்) | ஞாயிறு, மாலை 4.10

தோலைக் கழுவி, பயறோ அவரையோ வேகும்போது முழுதாகப் போட்டு, இறக்கும்போது எடுத்துவிடுங்கள். புகை வாசம் சூப்பு முழுக்க இருக்கும். பலகைகளை டிஷ்வாஷரில் போடாதீர்கள், வெடித்துவிடும். வெந்நீரில் தேய்த்து, நிமிர்த்தி வைத்துக் காய விடுங்கள்.

கறைக்கு ஒன்றும் தேய்க்க வேண்டாம். ஒரு தடவை துவைத்து ஈரத்தோடு நல்ல வெயிலில் போடுங்கள். நம் மஞ்சள் கறை வெயிலில் போகிற மாதிரி இதுவும் போகும்.

முர்க்கரை (கிராட்ஸ்) | செவ்வாய், மாலை 6.45

நேற்று மேகமாக இருந்தது. இன்று காலை ஒன்பது மணிக்குப் பால்கனிக் கம்பியில் விரித்துப் போட்டேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் பச்சை போய்விட்டது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மட்டும் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. நாளையும் போடப் போகிறேன்.